ரசீது பார்க்காமல் சொன்ன விலை

ரசீது இல்லை என்று எனக்குத் தெரிந்தபோது காலை மணி பதினொன்றேகால். டைப்ரைட்டரில் காகிதம் ஏற்றி, ஓர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் வரும் அட்டவணையை அடித்துக்கொண்டிருந்தேன். "கட்டணம் செலுத்திய ரசீது எண்" என்ற இடம் வந்ததும் விரல் நின்றது. பக்கத்தில் என் குறிப்புத் தாள் இருந்தது. அதில் ரசீது என்ற வரிக்கு எதிரே சிவப்புப் பென்சிலில் ஒரு டிக். நான் போட்ட டிக்தான். எண் மட்டும் இல்லை. ஏனென்றால் அந்த ரசீதை நான் பார்க்கவே இல்லை.

நாற்பது வருஷம் ஆபீஸ்களில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல், எந்த நகலில் எந்த மூலையில் ஸ்டாம்ப் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் நான் பிறக்கும்போதே இதையெல்லாம் தெரிந்துகொண்டு பிறந்ததாக நினைக்கிறார்கள். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனின் முதுகில் வேர்வை ஓடியதை அவர்கள் பார்த்ததில்லை.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராஜ வீதியில் ஓர் ஆடிட்டரிடம் நான் உதவியாளன். பி.ஏ. படித்திருந்தேன், அந்தப் படிப்புக்கு அப்போது கிடைத்த வேலை இன்னொருவர் எழுதியதைத் திருத்தமாக அடித்துக் கொடுப்பது. ஆனால் அந்த ஆடி மாதம் எனக்கு ஒரு பெரிய பொறுப்பு வந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சொத்துக்கு விலை போட வேண்டும்.

சொத்துக்காரர் அவிநாசி ரோட்டில் ஒரு கொட்டகையில் வார்ப்படப் பட்டறை வைத்திருந்தவர். விவசாயக் குடும்பம், மூன்று பேரில் கடைசி. புன்செய்க் காட்டில் பங்கு குறைவு என்பதால் ரயில்வே பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். கிணற்று மோட்டாருக்கு ஒரு வால்வு கண்டுபிடித்திருந்தார். தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் மாட்டுகிற சாமான் அது. நம் பக்கத்துக் கிணறுகள் பாதாளம் மாதிரி இருக்கும். மோட்டாரைப் பாதிக் கிணற்றில் மேடை கட்டி வைத்திருப்பார்கள். சாதாரண வால்வு கசியும். இரவு முழுக்கக் குழாயில் இருந்த தண்ணீர் கீழே இறங்கிவிடும். காலையில் ஒருவன் குடத்தோடு படியிறங்கிப் போய்க் குழாயை நிரப்பினால்தான் மோட்டார் தண்ணீர் எடுக்கும். இவருடைய வால்வு கசியாது. உள்ளே தோலை அவர் மடித்து வைத்திருந்த விதம்தான் விஷயம்.

அதற்குச் சர்க்காரிடம் பேட்டன்ட் வாங்கியிருந்தார். பதினாறு வருஷத்துக்கு வேறு யாரும் அதே மாதிரி செய்யக் கூடாது. ஒரு நிபந்தனை: நான்காவது வருஷம் முடிவதற்குள் கல்கத்தாவில் இருக்கும் பேட்டன்ட் ஆபீசுக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த நாளோடு உரிமை செத்துவிடும். ஊரில் எவன் வேண்டுமானாலும் வால்வு வார்க்கலாம்.

ஒரு மில்காரர் முதல் போட முன்வந்தார். கம்பெனி தொடங்குவது, பணமெல்லாம் மில்காரருடையது, பட்டறைக்காரர் பணத்துக்குப் பதில் பேட்டன்டைக் கொடுத்து நாலணாப் பங்கு எடுத்துக்கொள்வது என்று பேச்சு. ரூபாய்க்கு நாலணா, அதாவது கால் பங்கு. இந்த நம்பிக்கையில் பட்டறைக்காரர் கொட்டகையைக் காலி செய்வதாக நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டார். அங்கே வேறொருவர் அரிசி மில் வைக்க முன்பணம் கொடுத்தாயிற்று. ஒப்பந்தம் நின்றுபோனால் உலை வைக்க அவருக்கு இடம் கிடையாது. பேட்டன்ட் உயிரோடிருந்தால் முதலாளி. இல்லையென்றால் மறுபடியும் யாரிடமாவது கூலிக்கு ஃபிட்டர்.

இந்த நாலணாவுக்குப் பேட்டன்ட் பெறுமா என்று எழுத்தில் சொல்ல வேண்டியது எங்கள் ஆபீஸ். எழுதுவது நான், கையெழுத்து ஆடிட்டருடையது.

இப்படிப்பட்ட சொத்துக்கு விலை போட மூன்று வழி உண்டு. செய்து முடிக்க எவ்வளவு செலவாயிற்று என்று பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் தோலுக்கும் பித்தளைக்கும் கொடுத்த காசுதான் தேறும், தலைக்குள் நடந்ததற்கு பில் கிடையாது. இதைப் போன்றது சந்தையில் என்ன விலைக்குப் போயிற்று என்று பார்க்கலாம். கோயமுத்தூரில் அதுவரை யாரும் பேட்டன்டை விற்றதாக நான் கேள்விப்படவில்லை. மூன்றாவது, இனி வரப்போகிற வருஷங்களில் அது எவ்வளவு சம்பாதிக்கும் என்று பார்ப்பது. சாதா வால்வை விட இதற்கு ஜனங்கள் எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பார்கள், வருஷத்துக்கு எத்தனை விற்கும், உரிமை இன்னும் எத்தனை வருஷம் இருக்கும். மீதி பன்னிரண்டு வருஷம். பிறகு, நாளை வரும் ரூபாய் இன்றைய ரூபாயை விடச் சிறியது என்பதற்காகக் கொஞ்சம் வெட்ட வேண்டும்.

கூடுதலாக எவ்வளவு கொடுப்பார்கள் என்று தெரிந்துகொள்ள நான்கு கிராமங்களுக்குச் சைக்கிளில் போனேன். அன்னூர்ப் பக்கம் ஒரு விவசாயி என்னைக் கிணற்றுக்குள் இறங்கச் சொன்னார்.

"ஏனுங் தம்பி, இஸ்திரி போட்ட சட்டையோட எறங்கறீங்களே, திரும்பி வர்ற உத்தேசம் இருக்குதுங்களா?"

பாசி படிந்த படிகள். பாதியில் நின்று கீழே பார்த்தேன். தண்ணீர் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தெரிந்தது. கேள்வியை அங்கிருந்தே கேட்டேன். சாதா வால்வை விட எவ்வளவு சேர்த்துக் கொடுப்பீர்கள்?

"எத்தனைன்னா என்னத்தைச் சொல்றதுங்க. என்ற தம்பி ஒருநா காத்தாலை கொடத்தோட எறங்கறப்ப வழுக்கி உழுந்து இடுப்பு போச்சுங்க. இப்பவும் கட்டில்லதான் கெடக்கறான். ஊட்டுக்கு வந்து அவனைக் கேளுங்க, அவன் சொல்லுவான் வெலை."

என் தாளில் அதற்கு இடம் இல்லை. "உபயோகம் அதிகம்" என்று எழுதிக்கொண்டு மேலே ஏறினேன்.

ஆடி இருபதாம் தேதி பட்டறைக்காரரைப் பார்க்கப் போனேன். வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருந்தது. போனவுடன் காகிதங்களைக் கேட்டிருக்க வேண்டும். அவர் மனைவி இலை போட்டுவிட்டார். அரிசிபருப்புச் சோறு, மேலே நெய். "வயித்துக்குச் சாப்பிட்டுப்போட்டு அப்பறம் எழுதுங் சாமி, எழுத்து எங்கயும் ஓடிப்போகாது" என்றார். சாப்பிட்டேன். இரண்டு முறை கேட்டுக் கேட்டுப் போட்டார்.

சாப்பிட்ட பிறகு திருவிதாங்கூர்த் தேக்கில் செய்த ஒரு பெட்டியைத் திறந்து பேட்டன்ட் பத்திரத்தை எடுத்துக் காட்டினார் பட்டறைக்காரர். சிவப்பு முத்திரை. தேதியைப் பார்த்தேன். நான்காவது வருஷம் எட்டு நாளைக்கு முன்பே முடிந்திருந்தது. கட்டண ரசீதைக் கேட்க வேண்டும். என் தாளில் அதுதான் அடுத்த வரி.

கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் வீட்டில் உண்டு, கையில் ஈரம் காயும் முன்பே "பணம் கட்டினீர்களா, காட்டுங்கள்" என்று கேட்டால், "நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை" என்று அவர் கூரையின் கீழ் நின்று சொன்னதாக அர்த்தம். அதுவும் என்னை விட இருபது வயது மூத்தவர். இப்பேர்ப்பட்ட மனிதர் கட்டாமலா இருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வெளியே வந்து, வேப்பமரத்தடியில் சைக்கிளில் சாய்ந்தபடி டிக் போட்டேன். நெய் வாசம் இன்னும் விரலில் இருந்தது.

ஆடி இருபத்துமூன்றில் ஆடிட்டர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். "உரிமை நடப்பில் உள்ளது" என்பது அதில் மூன்றாவது பத்தி. நாலணாவுக்குப் பேட்டன்ட் தாராளமாகப் பெறும் என்று முடித்திருந்தேன். ஒப்பந்தக் கையெழுத்து ஆவணி ஐந்தாம் தேதி. ஆடியில் மில்காரரும் கையெழுத்துப் போடமாட்டார்.

இருபத்தாறாம் தேதி பதினொன்றேகாலுக்கு டைப்ரைட்டரின் முன் என் விரல் நின்றது. அரை மணி நேரத்தில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு அவிநாசி ரோட்டில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்காரர் மணல் அச்சைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கல்கத்தாவுக்குக் கட்டண ரசீது நம்பர் வேணுமுங்க."

"ரசீதா? பணம் இன்னும் அனுப்பலீங்களே."

அவர் முகத்தில் கொஞ்சமும் கலவரம் இல்லை.

"தேதி பன்னெண்டோட முடிஞ்சுதுங்களே."

"தெரியுமுங்க. அது ஆடியில போயி உழுந்துருச்சு. எடுத்துத் தனியா முடிஞ்சு வெச்சுப்போட்டேன். ஆவணி ஒண்ணாந் தேதி காத்தாலை அனுப்பிப்போடறேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, விளக்கம் வேண்டும்போல் இருக்கிறது என்று நினைத்துச் சொன்னார். "இன்னும் பன்னெண்டு வருசம் ஓட வேண்டிய காரியமுங்க இது. ஆடியில தொடக்கிவெச்சா நடுவுல நின்னு போயிருங். என்ற பெரியண்ணன் ஆடியில காட்டுக்கு அச்சாரம் குடுத்தாரு. காடும் வல்லை, அச்சாரமும் திரும்பி வல்லை."

"அண்ணா, இது காடு இல்லைங்க. தேதி தாண்டினா உரிமையே போயிருமுங்க."

"அட, கிஸ்தியை ஒரு மாசம் தள்ளிக் கட்டறோம். நெலத்தையா புடுங்கிக்கறாங்க? அபராதம் போடுவாங்க, கட்டிப்போட்டு வர்றோம்."

அவருக்குத் தெரிந்த சொத்தெல்லாம் நிலம். நிலம் அபராதம் கட்டும்வரை அங்கேயே கிடக்கும். வெயிலில் காயும், மழையில் நனையும், ஓடிப்போகாது. ஒரு தேதி தாண்டினதும் இல்லாமலே போகிற சொத்தை அவர் எங்கே பார்த்திருக்கிறார்? பார்த்திருக்க வேண்டியவன், படித்தவன், நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டு டிக் போட்டவன்.

ஒரு வழி இருந்தது. சட்டத்தில் மூன்று மாதம் வரை காலத்தை நீட்டித் தர இடம் உண்டு. விண்ணப்பம் போட்டு, கூடுதல் கட்டணமும் சேர்த்துக் கட்டினால், உரிமை விட்ட இடத்திலிருந்து தொடரும். இதை அவரிடம் சொன்னதுதான் என் அடுத்த தவறு.

"மூணு மாசம் இருக்குதுன்னு நீங்களே சொல்றீங். அப்ப ஆவணி ஒண்ணு நெம்பச் சீக்கிரமுங்களே. எதுக்குங் தம்பி இப்படி வேர்த்துக் கொட்டறீங்? அம்மணி, தம்பிக்கு மோர் கொண்டா."

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. சட்டப்படி சரி. ஆனால் என் பயம் சட்டத்தில் இல்லை. பன்னிரண்டாம் தேதியிலிருந்து அந்த வால்வு அனாதை. பீளமேட்டிலோ சிங்காநல்லூரிலோ ஒரு பட்டறையில் ஒருவன் அதைப் பிரித்துப் பார்த்து அச்சு எடுத்தால், இந்த நாட்களில் அது திருட்டு இல்லை. மில்காரருக்கு இது தெரிந்தால் நாலணா எதற்கு, ஓரணாகூடக் கொடுக்கத் தேவையில்லை, சும்மாவே செய்துகொள்ளலாம். பட்டறைக்காரர் மோர் டம்ளரை நீட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார். கழுத்தில் கத்தி இருப்பது தெரியாமல் சிரிக்கிறவனைப் பார்க்க நேர்ந்தால், பார்க்கிறவனுக்குத்தான் கழுத்து வலிக்கிறது.

அங்கேயே ஒரு விண்ணப்பம் எழுதி, அதில் அவர் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டேன். "பணம் ஆவணியில கட்டிக்கலாமுங்க, இது வெறும் காகிதம்" என்றேன். "கையெழுத்துக்கு என்னங்க, எந்த மாசமும் போடலாம்" என்று போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் ஆடி இருபத்தேழு. கட்டணத்தையும் கூடுதல் கட்டணத்தையும் என் பணத்திலிருந்து தந்தி மணியார்டரில் கல்கத்தாவுக்கு அனுப்பினேன். ஒன்றரை மாதச் சம்பளம். ஆவணிக் கடைசியில் எனக்குக் கல்யாணம்; அதற்கென்று வைத்திருந்தது. மணியார்டர் எண்ணைக் குறித்து விண்ணப்பத்தை ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். தபாலாபீஸ் குமாஸ்தா ரசீதைக் கொடுத்தபோது அது என் கையிலிருந்து நழுவிக் கவுண்டருக்கு அடியில் விழுந்தது. குனிந்து எடுக்கையில் பின்னால் நின்றவர், "காச்சலுங்களா?" என்று கேட்டார்.

நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. விலை போடுகிறவன், தான் விலை போடும் பொருளுக்குத் தன் காசைப் போடக் கூடாது. இது தொழிலின் முதல் பாடம். முதலில் பார்க்காத ரசீதைப் பார்த்ததாக எழுதினேன். அதை மூட, பொருளின் சொந்தக்காரரிடம் பொய் சொன்னேன். அதையும் மூட, என் காசைப் போட்டேன். நான்காவதாக இன்னொன்றும் செய்திருந்தேன். அது அப்போது தப்பாகவே தெரியவில்லை: பதில் அனுப்ப வேண்டிய விலாசத்தில் பட்டறையின் விலாசத்தை எழுதவில்லை. அங்கே போனால், ஆடியில் பணம் போனது தெரிந்துவிடும். எங்கள் ஆபீஸ் விலாசத்தை எழுதினேன்.

ஆபீசுக்கு வருகிற தபால் எல்லாவற்றையும் ஆடிட்டர் தாமே உடைப்பார்.

அதனால் தினமும் பத்து மணிக்கு முன்பே தபால்காரரைத் தெருமுனையில் பிடிக்க ஏற்பாடு செய்துகொண்டேன். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. இவ்வளவு சீக்கிரம் வராது என்று தெரியும். ரயில் போகவே மூன்று நாள். ஆனாலும் நின்றேன். தபால்காரருக்கு என் கல்யாண விஷயம் தெரியும். "பொண்ணு வீட்டுக் கடுதாசிங்களா? கண்ணாலத்துக்கு முந்தியே இத்தனை அவசரமா?" என்று தெருவே கேட்கும்படி சிரிப்பார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஆடிட்டர் தினமும் ஒரு முறை கேட்பார். "அட்டவணை முடிஞ்சுதா?"

"ஒரே ஒரு நம்பர் பாக்கி சார்."

"என்ன நம்பர்?"

"சரிபார்த்துக்கிட்டிருக்கேன் சார்."

அவர் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். கத்தவே மாட்டார். கத்துகிற மனிதராக இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ரோட்டில் யாராவது குழாய்ச் சாமான்களோடு வண்டியில் போனால் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். ஒரு நாள் ஒரு வண்டியில் பத்துப் பதினைந்து வால்வுகள் கிடந்தன. வண்டியை நிறுத்தச் சொல்லி ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே விரலை விட்டுத் தோலின் மடிப்பைத் தடவினேன். சாதா வால்வு. வண்டிக்காரர், "வாங்கறீங்களா, சும்மா தடவறீங்களா?" என்றார்.

ஆவணி பிறந்தது. முதல் தேதி காலையில் பட்டறைக்காரர் குளித்து நெற்றியில் திருநீறோடு எங்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார், பணத்தைத் தபாலாபீசில் எப்படிக் கட்டுவது என்று கேட்க. அவரைத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கட்டியாயிற்று, நான் கட்டிவிட்டேன் என்று சொன்னேன்.

"என்னைக்குங்?"

சொன்னேன். அவர் மடியிலிருந்து பணத்தை எடுத்து, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, அதையும் சேர்த்து என் கையில் வைத்தார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஆவணி நான்காம் தேதி. காலை ஒன்பதரைக்கு ஆடிட்டர் என்னைச் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு ஒரு நகல் வாங்கிவர அனுப்பினார். நகல் அவசரமில்லாதது. மறுக்க முடியவில்லை. அங்கே வரிசையில் நிற்கும்போது மணி பத்து ஆவதைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். பத்தேகால். பத்தரை. கல்கத்தாவிலிருந்து எந்தச் சர்க்கார் கடிதமும் எட்டு நாளில் வந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. அன்றைக்கு வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது நீள உறை ஆடிட்டரின் மேஜையில் பிரித்துக் கிடந்தது. பக்கத்தில் எங்கள் அறிக்கை, மூன்றாவது பத்தி மேலே தெரியும்படி. அதன் பக்கத்தில் என் குறிப்புத் தாள்.

"காலம் நீட்டித்தாச்சாம்" என்றார். "சந்தோஷம். ரசீது பார்த்தேன்னு இங்க டிக் போட்டிருக்கே. எந்த ரசீது?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, உறையை இரண்டு விரலால் மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"உசிர் இல்லாத ஒண்ணுக்கு என் கையெழுத்து விலை சொல்லியிருக்கு. வண்டி கொண்டுவரச் சொல்லு."

"சார், இப்பதான் உரிமை திரும்ப வந்துடுச்சே. மில்காரர்கிட்ட சொல்லித்தான் ஆகணுமா?"

"அந்தாள் நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறார். என்னை நம்பி. வண்டி."

மில்காரரின் ஆபீஸ் அறையில் மேஜை, நாற்காலி, அவர் தலைமுடி எல்லாவற்றிலும் பஞ்சுத் தூசி. ஆடிட்டர் எதையும் மறைக்காமல், என் பெயரையும் சேர்த்தே சொன்னார். மில்காரர் வெற்றிலை மென்றபடி கேட்டார். என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

"இப்ப உசுரோட இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அப்ப எதுக்குங்க மெனக்கெட்டு வந்தீங்?"

"உங்களுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சுபோச்சுங்." எழுந்து ஜன்னல் வழியே வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பாஞ்சு நாள் நாதியில்லாம ரோட்டுல கெடந்த சாமானம். நானே எடுத்திருக்கலாமுங்க. எடுக்காம உட்டுப்போட்டேன், எனக்குத் தெரியாததுனால. அதுக்கு நாலணா பெறுமுங்களா? ரெண்டணா குடுக்கறேன்."

"பொருள் அதேதான். மிச்சம் இருக்கிற வருஷமும் அதேதான்" என்றார் ஆடிட்டர். "மதிப்பு மாறலை."

"உங்க கணக்குல மாறலீங். என்ற கணக்குல மாறிப்போச்சு. ரெண்டணா, இல்லாட்டி வேண்டாமுங்க. கொட்டாயைக் காலி பண்ணிப்போட்டு அவரு எங்க போவாருன்னு அவரையே கேட்டுப்போட்டு வாங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. கிடைத்ததை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் வண்டியில் நான் ஒரு கணக்குப் போட்டேன். வேண்டாத கணக்கு. நான் பணம் கட்டாமல் சும்மா இருந்திருந்தால், பட்டறைக்காரர் ஆவணி ஒன்றில் கட்டியிருப்பார். மூன்று மாதத்துக்குள்தான். கடிதம் பட்டறைக்குப் போயிருக்கும். ஆடிட்டர் பார்த்திருக்கமாட்டார். நாலணா நாலணாவாகவே இருந்திருக்கும். பட்டறைக்காரரின் பங்கைப் பாதியாக்கியது அவருடைய ஆடி இல்லை, என்னுடைய பயம்.

வண்டி நிற்கும் முன் ஆடிட்டர் பேசினார். "உன்னை வேலையை விட்டு அனுப்பறதா இல்லை. ஆனா ரெண்டணாப் பங்குக்கு ரெண்டணா பெறுமான அறிக்கை வேணும். கம்பெனி ரிஜிஸ்டிரார்கிட்ட தாக்கல் ஆகணும். பொழுது சாயறதுக்குள்ள எழுதிக் கொண்டா."

"காரணம் என்னன்னு எழுதறது சார்?"

"அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கேன்."

நாலணாவுக்குச் சரியாக வந்த கணக்கை ரெண்டணாவுக்கு வரவைக்க வேண்டும். கூடுதல் விலையைக் குறைக்க முடியாது. கிணற்றுப் படியில் நின்று கேட்டது அது. எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. மின்சாரக் கம்பி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. கையை வைக்க இடம் இருந்தது வருஷத்தில்தான். "இதை விட மேலான வால்வு ஆறு ஆண்டுகளில் சந்தைக்கு வர வாய்ப்புள்ளதால், பயன்படும் காலம் பன்னிரண்டுக்குப் பதில் ஆறு என்று கொள்ளப்படுகிறது" என்று எழுதினேன். கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய வந்தது. மீதியை இன்றைய ரூபாய், நாளைய ரூபாய் என்று வெட்டிச் சரிக்கட்டினேன். மூன்று வழி உண்டு என்று முன்னால் சொன்னேன். அதற்குப் பிறகு என் காலம் முழுக்க அதிகம் பார்த்தது இந்த நான்காவதைத்தான்: விலை முதலில் வரும், காரணத்தை நாம் பின்னால் அனுப்ப வேண்டும். ஆடிட்டர் படித்தார். ஒரு காற்புள்ளியை நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் தேதி காலை பட்டறைக்காரர் மனைவியோடு வந்தார். ரெண்டணா என்று ஆடிட்டர் முந்தின நாளே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்; சம்மதம் என்று பதிலும் வந்திருந்தது. "ஆடியில பணம் போனா இப்படித்தானுங்க" என்றார் அந்த அம்மாள், என்னைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து. பட்டறைக்காரர் அவரைக் கையமர்த்தினார். கையெழுத்துப் போடுவதற்கு முன், "இங்கிலீசுல இருக்குதுங்க. என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் தமிழ்ல சொல்லுங் தம்பி" என்று என்னிடம் அறிக்கையைக் கொடுத்தார்.

ஆடிட்டர் எதிரே உட்கார்ந்திருந்தார். மில்காரர் வர இன்னும் கால் மணி இருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஆறு வருஷம் என்ற இடம் வந்ததும் அவர் முகம் மாறிற்று. ரெண்டணா என்று கேட்டபோதுகூட இப்படி மாறியிருக்காது.

"ஆறு வருசத்துல என்ற வால்வை விட நல்லது வந்துருமுங்களா?"

"வரலாமுங்க."

"யாரு பண்றாங்க? கல்கத்தாவுலயா, சீமையிலயா? ஆரோ பண்ணிக்கிட்டிருக்காங்கன்னு உங்களுக்குச் சேதி வந்திருக்குதுங்களா?"

அவருக்குப் பயம் வந்துவிட்டது. பத்து நாள் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இப்போது எழுந்து எதிர்நாற்காலிக்குப் போய்விட்டது. அந்த ஆறு நான் போட்ட ஆறு. உலகத்தில் எங்கேயும் யாரும் எந்த வால்வையும் செய்துகொண்டிருக்கவில்லை, எனக்குத் தெரிந்தவரை. சொல்லியிருக்கலாம். ஆடிட்டர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு அப்படித்தானுங்க சொல்லுது" என்றேன்.

அவர் மெள்ளத் தலையாட்டினார். "நீங்க படிச்சவீங்க, சரியாத்தான் இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, பேனாவை எப்படிப் பிடிப்பது என்று மறந்தவர்போல் இரண்டு தரம் மாற்றிப் பிடித்து, நான் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.